சாவிக்காரி

அந்தப் பயிற்சிக் கூடத்தில் தன் உடம்பு எடைக்கு யார் அதிகம் தூக்குகிறாரோ அவர் கையில்தான் சாவி இருக்கும். கோப்பை கிடையாது, பட்டயம் கிடையாது, சாவிதான் பட்டம். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியது யார் என்று கேட்டால் எல்லோரும் பயிற்சி கொடுக்கும் மாஸ்டரைக் காட்டுவார்கள். மாஸ்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார், ஏதோ சக்கரத்தையே கண்டுபிடித்தவர் மாதிரி.

கூடம் ஒரு பழைய அச்சகத்தின் அடித்தளத்தில் இருந்தது. குறுகலான படியில் இறங்கினால் இரும்புக் கதவு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. உள்ளே மூன்று மரமேடைகள், எடை மாட்டித் தூக்கும் இரும்புப் பார்களில் வளையாதது நான்கு, வளைந்தது ஒன்று. சுவரில் பெயின்ட்டில் ‘அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்று எழுதியிருந்தது. அம்மி நகரும், சரி. அடிக்கிற கை என்ன ஆகும் என்பதற்குச் சுவரில் இடம் போதவில்லை.

பூட்டுக்கு ஒரே ஒரு சாவி. இன்னொன்று செய்துகொள்ள அச்சக முதலாளி சம்மதிக்கவில்லை. ஒரு சாவி இருக்கும்போதே இத்தனை பேர் வருகிறீர்கள், இரண்டானால் நான் எங்கே போவது என்று கேட்டார்.

சாவி வைத்திருப்பவருக்கு ஒரு கடமை உண்டு. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறக்க வேண்டும். அதில் ஞாயிறு, திங்கள் என்ற பேதம் இல்லை. மற்றவர்கள் சளி, சம்பளம், சம்பந்தி வருகை என்று ஏதாவது சாக்குச் சொல்லி வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வராமல் இருந்துவிடுவார்கள். சாவிக்காரருக்குச் சாக்கு கிடையாது. திறந்த கையோடு திரும்பிப் போகவும் முடியாது. ஊரிலேயே பலசாலி என்று பேர் வாங்கியவர் ஓரமாக உட்கார்ந்து கொட்டாவி விட்டால் நன்றாகவா இருக்கும்? அதனால் அவரும் தூக்குவார். தினமும் தூக்குவார்.

முதலில் சாவி வைத்திருந்தவர் பேக்கரிக்காரர். சில மாதங்களில் அவருடைய தோள் போயிற்று. இப்போது தலை வாருவதற்குக்கூடச் சீப்பை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு தலையைத்தான் ஆட்டுகிறார். அடுத்து தபால்காரர். அவருக்கு ஓயாத ஜலதோஷம். தும்மலும் தும்மலுமாக அவர் தூக்கும் எடை மாதத்துக்கு மாதம் இறங்கி, கடைசியில் அவருடைய தபால் பைதான் மிச்சம் என்ற நிலைக்கு வந்தார். மூன்றாமவர் கிரேன் ஓட்டுநர், தங்கமான மனுஷன். சாவி வந்த பிறகு தொட்டதற்கெல்லாம் எரிந்து விழ ஆரம்பித்தார். ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்று மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் குழம்பை வைத்ததே அம்மாதான் என்பது பிறகு தெரிந்தது.

மூன்று பேர் வரிசையாக இப்படிக் கவிழ்ந்ததும் கூடத்தில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. எல்லோரும் கூடி யோசித்து, சாவிக்கு ராசி இல்லை என்று முடிவு செய்தார்கள். பரிகாரமாக அதை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டார்கள். சாவி துருப்பிடித்தது. துருவைத் தேய்த்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தார்கள்.

அடுத்தவர் அண்ணி.

அண்ணி என்பது பாப்பாவுக்கு அண்ணி. பாப்பா அவளுடைய வீட்டுக்காரரின் தங்கை, அதாவது நாத்தனார். பஸ் டிப்போவில் மெக்கானிக். டயரைத் தனியாகக் கழற்றி உருட்டிக்கொண்டு போகிறவளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் பாப்பா. பாப்பாதான் முதலில் இந்தக் கூடத்துக்கு வந்தாள், துணைக்கு அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பாப்பா ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிடப் போய், தாத்தா வயதுக்காரர்கள் உட்பட கூடம் முழுக்க அவளை அண்ணி என்றது. துணைக்கு வந்தவள் பாப்பாவைவிட ஐந்து கிலோ கூடுதலாகத் தூக்க ஆரம்பித்தது பாப்பாவுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். ஒரே வீடு, ஒரே எடைப் பிரிவு, ஒரே மேடை. வீட்டில் மாடியறை பாப்பாவுக்கு, கீழே அண்ணிக்கும் அண்ணனுக்கும்.

அண்ணிக்கு ஓர் ஆசை இருந்தது. மண்டலப் போட்டியில் அவர்கள் பிரிவில் முதலில் வருகிறவர் தேசியப் போட்டிக்குப் போகலாம். அண்ணி இரண்டு வருடமாக இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தாள். முதலில் வந்துகொண்டிருந்த பெண் இந்த வருடம் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது அண்ணி வாய் நிறைய வாழ்த்தினாள். அவ்வளவு மனமார அவள் யாரையும் வாழ்த்தியதில்லை. வயது முப்பத்தெட்டு. இந்த வருடம் விட்டால் பிறகு போட்டியை வேடிக்கை பார்க்கத்தான் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சாவியும் கைக்கு வந்ததும், காலம் கனிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. தினமும் போனாள், தினமும் தூக்கினாள், எடை ஏறியது. பிறகு ஏறுவது நின்றது. பிறகு, போன மாதம் பூப்போல வந்த தொண்ணூறு கிலோ இந்த மாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. தான் இன்னும் போதுமான அளவு பாடுபடவில்லை என்று அண்ணி எடுத்துக்கொண்டாள். மாஸ்டரும் அதையே சொன்னார். அவர் பகலில் ஓட்டுநர் பள்ளியில் பாடம் நடத்துபவர். நாள் முழுக்கப் பிரேக் எப்போது போடுவது என்று சொல்லிக்கொடுப்பவர், கூடத்துக்கு வந்தால் மட்டும் அந்தச் சொல்லையே மறந்துவிடுவார். அண்ணி மாலையிலும் போக ஆரம்பித்தாள்.

சாப்பாடு இறங்கவில்லை. உடம்பெல்லாம் அலுப்பு, படுத்தால் தூக்கம் மட்டும் நிலைப்பதில்லை. படிக்கட்டில் ஏறினால் நெஞ்சு படபடத்தது. படிக்கட்டில் ஏறாமல் சும்மா இருந்தாலும் படபடத்தது. வீட்டுக்காரர் கதவை மெதுவாகச் சாத்தினால் ஏன் இவ்வளவு மெதுவாகச் சாத்துகிறீர்கள் என்று சண்டைக்குப் போனாள்.

வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடி வெட்டுகிற கடையில் வேலை பார்ப்பவர், அதிகம் வாய் திறக்காதவர். அவரே ஒருநாள் காலையில் பேசினார்.

“தூக்கத்துல பல்லைக் கடிக்கிற. கடையிலதான் நாள் பூரா கண்ணாடி வெட்டற சத்தம் கேக்குறேன். வீட்லயும் கேட்டா எப்படி?”

அண்ணிக்குக் கோபம் வந்தது. ஆனால் பல் அவளுடைய தொழில். அவள் ஒரு பல் லேபில் பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, கடித்தால் மேலும் கீழும் பொருந்துகிற மாதிரி முடித்துக்கொடுப்பாள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு இரவில் மாட்டிக்கொள்ளும் கவசமும் செய்வாள். சமீபத்தில் அவள் கை நடுங்கி, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்குக் கோரைப்பல்லை வெளியே பார்க்க வைத்துவிட்டாள். நீதிபதி அந்தப் பல்லோடு ஒரு கல்யாணத்துக்குப் போய், குழந்தைகள் அழுது, செட் திரும்பி வந்தது. அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சரி, நமக்கும் ஒரு கவசம் செய்துகொள்வோம் என்று அவள் தன் வாயில் தானே அச்சு எடுத்துப் பிளாஸ்டர் ஊற்றினாள். காய்ந்ததும் கையில் எடுத்துப் பார்த்தாள். கடைவாய்ப் பற்களில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மாவு அரைத்து அரைத்துத் தேய்ந்த கல்போல வழவழவென்று இருந்தன. சாவி கைக்கு வருவதற்கு முன்பு, புதிதாக வந்த பிளாஸ்டரைச் சோதித்துப் பார்க்க அவள் தன் வாயைத்தான் அச்செடுத்திருந்தாள். அந்த அச்சைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் மேடுகள் மலைபோல நின்றன.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. பேக்கரிக்காரரும் கிரேன் ஓட்டுநரும் தெரிந்தவள் என்ற உரிமையில் அவளிடம்தான் கவசம் செய்துகொண்டார்கள். அலமாரியின் மேல் தட்டில் இருந்து அவர்களுடைய வாய்களை இறக்கினாள். மேஜைமேல் மூன்று வாய்கள் வரிசையாக இருந்தன. மூன்றும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. சாவிக்கு ராசி இல்லை என்பதை அவள் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சாவி எப்படி ராப்பொழுதில் வாய்க்குள் புகுந்து பல்லைத் தேய்க்கும்?

மறுநாள் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். அவர் நாடியைப் பிடித்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், ரத்தம் எடுத்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வாரத்தில் ஓய்வு எத்தனை நாள் என்று கேட்டார்.

“ஓய்வுன்னா?” என்றாள் அண்ணி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பொறுமையாகத்தான் விளக்கினார். தூக்கும்போது சதை வளர்வதில்லை, நைந்துதான் போகிறது. தூங்கும்போதும் சும்மா இருக்கும்போதும்தான் உடம்பு அதைச் சரிசெய்து, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிறது. கட்டி முடிப்பதற்குள் மறுபடி மறுபடி இடித்தால் கொத்தனார் என்ன செய்வார், ஒருநாள் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பசியின்மை, தூக்கமின்மை, பல் கடிப்பது, படபடப்பு, எரிச்சல், தூக்க முடிகிற எடை இறங்குவது எல்லாம் அவர் போய்விட்டார் என்பதற்கு அடையாளம்.

“எப்போ திரும்பி வருவார்?” என்று அண்ணி கேட்டாள்.

“ஆரம்பத்துலயே விட்டிருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல சரியாயிருக்கும். நீங்க ரொம்ப தூரம் போயிட்டீங்க. மாசக்கணக்கு ஆகும்.”

மண்டலப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அண்ணி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, இரண்டு பஸ்களை விட்டாள். அழுகை வந்தது. வந்ததை அழுது முடித்துவிட்டு மூன்றாவது பஸ்ஸில் ஏறினாள்.

அன்று மாலையே கூடத்தில் விஷயத்தைச் சொன்னாள். மாஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, சுவரில் எழுதியிருப்பதை விரலால் காட்டினார். டாக்டர் என்றால் ஓய்வெடு என்றுதான் சொல்வார்கள், அவர்கள் பிழைப்பு அது என்றார். பேக்கரிக்காரர் தேய்ந்த பல்லுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம், பல்லாலா தூக்கினேன் என்று கேட்டார். தபால்காரர் தும்மினார். பாப்பா துணியால் பாரைத் துடைத்துக்கொண்டே, அண்ணிக்கு வயசாயிடுச்சு, அதை ஒத்துக்க மனசு வரலை என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் வேறு வழியில்லாமல் கொஞ்சம் சிரித்து வைத்தாள்.

வயசாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம் என்று அவளும் சமாதானம் அடைந்திருப்பாள். ஆனால் பாப்பாவும் கொஞ்ச நாளாக ஒருநாள் விடாமல் வந்துகொண்டிருந்தாள். அண்ணி கதவைத் திறக்கப் போகும்போது பாப்பாவும் செருப்பை மாட்டிக்கொள்வாள். அண்ணியின் எடை இறங்க இறங்க, எட்டிப் பிடித்துவிடலாம் என்ற வெறி அவளுக்கு ஏறியிருந்தது. அவளும் சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட ஆரம்பித்திருந்தாள். டிப்போவில் மேஸ்திரியோடு தகராறு என்று அண்ணன் சொன்னார். ஒருநாள் காலையில் பாப்பா கண்ணாடி முன்னால் நின்று காதுக்குக் கீழே விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன?” என்றாள் அண்ணி.

“தெரியல அண்ணி. எழுந்திரிக்கும்போதே தாடை வலிக்குது.”

அண்ணி தன் காதுக்குக் கீழே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இவள் இன்னும் ரொம்ப தூரம் போகவில்லை, ஒண்ணு ரெண்டு வாரத்தில் சரியாகிற தூரம்தான். தனக்குப் போனது போனதுதான், இவளுக்காவது நிற்கட்டும் என்று அண்ணி நினைத்தாள். அப்படி நினைத்த அதே மூச்சில், இவள் ஏன் ஜெயிக்க வேண்டும், கெட்டால் கெடட்டுமே என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்புக்குத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில்தான் முதல் நினைப்பின்படி நடந்தாள் என்றும் சொல்லலாம்.

சொல்லிப் பார்த்தாயிற்று, யார் தலையிலும் ஏறவில்லை. கெஞ்சினால் கிழவி என்பார்கள். அண்ணி அன்று லேபுக்குப் போனதும் சாவியைப் பிளாஸ்டர் டின்னுக்குள் அடியாழத்தில் புதைத்தாள். மறுநாள் காலை கூடத்தின் படியில் நின்றுகொண்டு, சாவி தொலைந்துபோச்சு என்றாள்.

கலவரமே நடந்தது. போட்டிக்கு இரண்டே வாரம். பூட்டை உடைக்கலாம் என்றால் அச்சக முதலாளி மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போயிருந்தார். போனில் கேட்டதற்கு, என் கதவில் கை வைத்தால் நீங்கள் யாரும் அந்தப் படியில் இறங்க முடியாது, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். எப்போது வருவீர்கள் என்றதற்கு, குழந்தை பிறக்கட்டும் என்றார். குழந்தை நிதானமான குழந்தை.

வேறு கூடம் இல்லாமல் இல்லை. கடைத்தெருவில் ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி, காது கிழியப் பாட்டு, தூக்குவதற்குக் கையடக்கமான ரோஸ் நிற இரும்பு. மாஸ்டர் அங்கே ஒருமுறை போய்விட்டு வந்து தலைமுழுகினார். ஆக, எல்லோரும் வீட்டிலேயே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபடியே அண்ணியைத் திட்டினார்கள். பாப்பா மாடிக்கும் கீழுக்குமாக நடந்தாள், படியில் உட்கார்ந்து அழுதாள், அண்ணி பையையும் பீரோவையும் தேடுவதாக நடித்ததைப் பார்த்துத் தானும் கூடவே தேடினாள். அண்ணிக்கு அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. நாலாம் நாள் பாப்பா தேடுவதை விட்டுவிட்டுத் தூங்கப் போனாள். காபி ஆறிப் போகிற வரைக்கும், வெயில் சுவரேறுகிற வரைக்கும் தூங்கினாள்.

போட்டிக்குக் கூடத்தார் எல்லோரும் இழவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி வந்தார்கள். இத்தனை நாள் இரும்பைத் தொடவில்லை, மானம் போகப்போகிறது என்று மாஸ்டர் வழியெல்லாம் புலம்பினார். ஆனால் நடந்தது வேறு. தபால்காரர் தும்மாமல் தூக்கினார். கிரேன் ஓட்டுநர் இதுவரை தூக்காத எடையைத் தூக்கிவிட்டு, மேடையில் இருந்தபடியே மனைவியைத் தேடினார். பாப்பா கடைசி முயற்சியில் பாரைப் பிடித்துத் தோளுக்குக் கொண்டுவந்து, ஒரு மூச்சு எடுத்து, தலைக்கு மேலே தள்ளி நின்றாள். சரியாகத் தூக்கினாள் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. அவர்கள் பிரிவில் அவள்தான் முதல்.

அண்ணி மூன்றாவது. கடைசி முயற்சியில் அவளுடைய பார் முழங்கால் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. டாக்டரம்மா சொன்னது சரிதான், கொத்தனார் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அண்ணி பாரை வைத்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு, மேடைக்குப் பின்னால் போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். வெளியே பாப்பாவுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கும் கைதட்ட வேண்டும் என்று இருந்தது. கை வலித்ததால் தட்டவில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை கூடத்தின் படியில் எல்லோரும் கூடினார்கள். எல்லோரும் எப்படி இவ்வளவு தூக்கினோம் என்பதற்கு மாஸ்டர் விளக்கம் வைத்திருந்தார். கோபம் என்றார். சாவி தொலைந்த கோபம் நரம்பில் ஏறியது, நரம்பு எடையை ஏற்றியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, கோபம்தான் காரணம் என்று அவர் விளக்க விளக்க எல்லோரும் தலையாட்டினார்கள். இனிமேல் போட்டிக்கு முன்னால் ஆளுக்கு ஒருவரைத் திட்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசனை வந்தது. அப்போது அண்ணி சாவியை எடுத்தாள். பிளாஸ்டர் ஒட்டி வெள்ளையாக இருந்தது.

அண்ணி சொன்னாள். தொலையவில்லை, ஒளித்துத்தான் வைத்தேன் என்றாள். நீங்கள் நன்றாகத் தூக்கியது கோபத்தால் இல்லை, சும்மா இருந்ததால் என்றாள். டாக்டர் சொன்னது, மூன்று வாய்கள், கொத்தனார் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். இவ்வளவு கண்ணுக்கு முன்னால் நடந்த பிறகாவது ஏறும் என்று நம்பினாள்.

ஏறவில்லை. சும்மா இருந்து ஒருவன் பலசாலி ஆவான் என்றால் ஊரில் பாதிப்பேர் பயில்வான் என்றார் மாஸ்டர். கிரேன் ஓட்டுநர் மட்டும் என்னவோ யோசித்தார், ஆனால் யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அண்ணி ஏன் ஒளித்தாள் என்ற கேள்வி வந்தது. தபால்காரர் சத்தமில்லாமல் ஏதோ சொன்னார். பேக்கரிக்காரர் அதையே சத்தமாகச் சொன்னார். நாத்தனார் மேலே வருகிறாள் என்று பொறுக்காமல், அவள் பயிற்சியைக் கெடுக்கத்தான் கூடத்தையே பூட்டினாள் என்றார். எல்லோர் முகத்திலும் வெளிச்சம் பரவியது. ஓய்வு என்றால் புரியாதவர்களுக்குப் பொறாமை என்றால் உடனே புரிந்தது.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நடந்தது நடந்துவிட்டது, முறைப்படி சாவி இனி பாப்பாவுக்கு, அண்ணி தன் கையால் கொடுக்கட்டும் என்றார். தேசியப் போட்டிக்கு நாலு மாதம் இருக்கிறது, பாப்பா காலையும் மாலையும் வந்து திறக்கட்டும், தின்பதும் தூங்குவதும் இங்கேயே ஆகட்டும் என்று திட்டமும் போட்டார். சாவியை யாரும் கேட்டு வாங்கக் கூடாது, பறிக்கக் கூடாது, வைத்திருப்பவர் தானாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட முறைதான். பாப்பா கையை நீட்டவில்லை. அண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒளித்து வைத்த சாவியைத் தானும் சேர்ந்து தேடியது அவள் முகத்தில் இருந்தது.

“எனக்காகவா செஞ்சீங்க, இல்ல என்மேல பொறாமைலயா? அதை மட்டும் சொல்லுங்க அண்ணி.”

உனக்காகத்தான் என்று சொல்லலாம். உண்மையும் அதுதான், பெரும்பாலும். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த நொடியே சாவியைக் கொடுத்தாக வேண்டும். நல்லது நினைப்பவள் கையில் சாவி எதற்கு? பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொள்வாள், நாளைக் காலை ஐந்து மணிக்குத் திறப்பாள், நாலு மாதமும் திறப்பாள். தேசியப் போட்டி மேடையில் பார் அவள் முழங்காலோடு நின்றுவிடும். பொறாமைக்காரியாக இருந்தால் அந்த அவசியம் இல்லை. பொறாமைக்காரி எதையும் கொடுக்கமாட்டாள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

“பொறாமைலதான்” என்றாள் அண்ணி. “சாவியும் தர மாட்டேன்.”

மாஸ்டர் போட்ட முறைப்படி அவரே செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அண்ணி கதவைத் திறந்துவிட்டு, இனிமேல் வாரத்தில் நாலு நாள்தான் திறப்பேன், மற்ற நாள் என்னைத் தேடி யாரும் வர வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, என் இஷ்டம் என்றாள். காலை ஏழு மணி அடித்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிப் பூட்டினாள். வீம்பு பிடித்தவள், வயிற்றெரிச்சல்காரி, குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்று படி முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு யாரும் அவளை அண்ணி என்று கூப்பிடவில்லை, சாவிக்காரி என்றார்கள். திட்டிக்கொண்டே நாலு நாள் வந்தார்கள், திட்டிக்கொண்டே மூன்று நாள் வீட்டில் இருந்தார்கள். எடை ஏறியது. கோபத்தால்தான் ஏறுகிறது என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொன்னார்.

பாப்பா அண்ணியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். படியில் எதிரெதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கிப் போனாள். சொல்ல வேண்டியதை அண்ணனிடம் சொன்னாள், அவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறந்ததிலிருந்து பேசியதைவிட அந்த மாதத்தில் அதிகம் பேசவேண்டி வந்ததாக அவர் கடையில் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் வந்து வெகுநேரமாகியும் மாடியில் காலடிச் சத்தம் இல்லை. வீட்டுக்காரர் இரண்டு தரம் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, எழுப்பட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம்” என்றாள் அண்ணி. “தூங்கட்டும்.”

“நீ சொல்லித்தான் விட்டுட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சா, வேணும்னே எழுந்து உட்காருவா.”

“அப்போ தெரிய வேண்டாம்.”

அவர் தலையாட்டிவிட்டுத் தினசரியைப் பிரித்தார். அண்ணி மேஜையருகே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். தேசியப் போட்டி மேடையில் பாப்பா நிற்கப்போவதை நினைத்தாள். அந்த இடம் தனக்கு வந்திருக்க வேண்டியது. வயிறு எரிந்தது, நன்றாகவே எரிந்தது. அன்றைக்குப் படியில் தான் சொன்னது பொய் இல்லை என்று அவளுக்குப் பட்டது. மேலே கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டு அடங்கியது. அண்ணி வீட்டுக்காரர் புரட்டிக்கொண்டிருந்த தாளைக் கையால் அமுக்கிப் பிடித்து, சத்தம் போடாமல் படிக்கச் சொன்னாள்.